கிணற்றடிவரை கேட்கும் மணி: வன்னி வீட்டுக்கு ஒரு கோட்லெஸ் தொலைபேசி

எங்கள் அம்மாவின் கிணற்றடிக்கும் விறாந்தைக்கும் இடையில் 42 எட்டு. அளந்துதான் சொல்கிறேன். இரணைமடுப் பக்கம் ஒரு ஏக்கர் வளவில் அவர் தனியே இருக்கிறார். பின்னேரங்களில் கனடாவிலிருந்து அக்கா எடுப்பார். மணி கேட்டதும் அம்மா வாளியைப் போட்டது போட்டபடி ஓடுவார். போய்ச் சேருமுன் அடித்து நின்றுவிட்டால், "பிள்ளை என்ன அவசரத்துக்கு எடுத்ததோ" என்று இரவு முழுவதும் நித்திரை கொள்ளமாட்டார். ஒரு மார்கழியில் பாசி பிடித்த கிணற்றுக்கட்டில் கால் வழுக்கியது. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வளவுப் பிள்ளை தொலைபேசியை எடுத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, அழைத்தது அக்காவே அல்ல. யாரோ இலக்கம் மாறி எடுத்திருக்கிறார்கள்.

கைத்தொலைபேசி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அம்மாவிடமும் ஒன்று இருக்கிறது. அதைச் சார்ஜில் போட மறப்பார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலுக்குத் தொடுதிரை பணிவதில்லை. வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு, மழை வந்தால் அதுவும் இல்லை. வீட்டு இலக்கமோ சொந்தம் முழுவதற்கும் மனப்பாடம். ஆகவே அந்த இலக்கத்தை மாற்றாமல் ஓட்டத்தை நிறுத்த வழி தேடினோம். கோட்லெஸ் வந்தது அப்படித்தான்.

அதன்பின் ஊரில் ஏழெட்டு வீடுகளுக்கு நானே பொருத்திக் கொடுத்திருக்கிறேன். பெட்டியோடு வரும் கையேட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது வேறு ஊர் வீட்டை நினைத்து எழுதப்பட்டது. அந்த வீட்டில் தகரக் கூரை இல்லை, மின்வெட்டு இல்லை, ஐப்பசி இடி இல்லை. நம் வீட்டில் அந்த மூன்றையும் சமாளித்தால்தான் கருவி நிலைக்கும்.

முதலில், இது என்ன கருவி?

கோட்லெஸ் தொலைபேசி இரண்டு துண்டு. ஒன்று சுவரோரமாக இருக்கும் பெட்டி. தொலைபேசி வயரும் மின்சார வயரும் அதற்குத்தான் போகும். கடையில் "பேஸ்" என்பார்கள். எங்கள் வீட்டில் அது தாய்ப்பெட்டி. மற்றது கையில் கொண்டு திரியும் கைக்கருவி. பெட்டிக்கும் கைக்கருவிக்கும் இடையில் வானொலி அலை மட்டுமே. கைக்கருவிக்கு சிம் கிடையாது. வளவைத் தாண்டிச் சந்திக்குப் போனால் அது வெறும் பிளாஸ்டிக்.

மீள்குடியேறிய காலத்தில் பல வீடுகளுக்கு வந்த சிடிஎம்ஏ தொலைபேசியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேசையில் ஒரு குட்டி அன்ரெனாவோடு இருந்ததே, அது கோபுரத்திலிருந்து நேரே சிக்னல் வாங்கிய கருவி. கோட்லெஸ் அப்படி அல்ல. அதற்கு வீட்டில் ஏற்கெனவே ஓர் இணைப்பு வேண்டும். இணைப்பு இல்லாமல் பெட்டியை மட்டும் வாங்கி வந்து "டோன் வரவில்லை" என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் இருவர்.

அந்த இணைப்பு எது என்று பார்த்துவையுங்கள். வேலைகளில் பாதி அதைப் பொறுத்தது. தூணிலிருந்து இரண்டு கம்பி கொண்ட வயர் வந்து சுவரில் ஒரு சிறு சொக்கெற்றில் முடிந்தால் அது செப்புக் கம்பி இணைப்பு. மெல்லிய ஃபைபர் வயர் வந்து விளக்கு மின்னும் ஒரு பெட்டியில் முடிந்தால், அந்தப் பெட்டியின் பின்பக்கத்தில் தொலைபேசிக்கென்று ஒரு துளை இருக்கும். வயரே வெளியிலிருந்து வராமல் சிம் போட்ட 4ஜி ரவுட்டர் என்றால், அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். தொலைபேசித் துளை சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. இணைய வயருக்கான துளை சற்று அகலம், தொலைபேசிக்கானது ஒடுக்கம். அகலமான துளையில் ஒடுக்கமான பிளக்கைத் திணிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் ஊசிகள் வளைந்துவிடும்.

வாங்கும்போது

வன்னியில் கோட்லெஸ் கடையிலிருந்து வருவதை விட வெளிநாட்டுப் பெட்டியில் வருவதுதான் அதிகம். திருவிழாவுக்கு வரும் உறவினர் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் ஒன்றைச் சொருகிக்கொண்டு வருவார். அன்பு பெரிதுதான். ஆனால் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் பிளக்கில் சொருக வேண்டும்.

கனடா, அமெரிக்கா என்றால் இரண்டு சிக்கல். அங்கே மின்சாரம் 120 வோல்ற், நமக்கு 230 வோல்ற். அடாப்டரின் முதுகில் உள்ள சிறிய எழுத்தை வாசியுங்கள். "100–240" என்றிருந்தால் பயமில்லை. "120" மட்டும் இருந்தால் சொருகிய கொஞ்ச நேரத்தில் புகைந்துவிடும். சரி, அடாப்டரை மாற்றினால் போதுமா? போதாது. அங்கே விற்கும், டெக்ட் எனப்படும் கோட்லெஸ் வகை 1920 முதல் 1930 மெகாஹேர்ட்ஸ்வரையான அலைவரிசையில் பேசுகிறது. நம் நாட்டில் அந்த இடம் கைத்தொலைபேசி வலையமைப்புக்கு உரியது. இங்கே பயன்படுத்தினால் நமக்கும் இரைச்சல், கோபுரத்துக்கும் தொந்தரவு. அக்கா அனுப்பிய முதல் பெட்டி அந்த வகை. அதை இன்றும் அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஐரோப்பாவிலிருந்து வருவது 1880 முதல் 1900 மெகாஹேர்ட்ஸ்வரையிலான டெக்ட். மின்சாரமும் அங்கே 230 வோல்ற். அதனால் பெரும்பாலும் பொருந்தும். தகராறு தொலைபேசி வயரின் சுவர்ப் பக்கத்துப் பிளக்கில்தான். லண்டன் பிளக் ஒரு மாதிரி, பிரான்ஸ் பிளக் இன்னொரு மாதிரி, ஜெர்மனியது வேறு மாதிரி. ஒன்றும் நம் சொக்கெற்றுக்குள் போகாது. தாய்ப்பெட்டிப் பக்கம் மட்டும் அனேகமாக நமக்குத் தெரிந்த சிறிய பிளக்தான். எனவே இரு பக்கமும் சிறிய பிளக் உள்ள ஒரு வயரை வாங்கி மாற்றினால் பல கருவிகள் வேலை செய்யும். சில கருவிகள் நடு இரண்டு கம்பிகளுக்குப் பதிலாக ஓர இரண்டைப் பயன்படுத்துகின்றன. வயர் மாற்றியும் டோன் வராவிட்டால் அதுதான் காரணம். தொலைபேசி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கம்பியை மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளூரில் வாங்குவதென்றால் கிளிநொச்சி, வவுனியா நகரங்களில் மின்சாதனக் கடைகளில் கிடைக்கும். கடைக்காரரிடம் மூன்று விடயம் கேட்பேன். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற வகையா? உள்ளே உள்ள பற்றரி எங்கும் கிடைக்கும் சிறிய அளவா, அல்லது அந்தக் கருவிக்கென்றே செய்த கட்டா? இரண்டு கைக்கருவி உள்ள சோடி இருக்கிறதா? கடைசிக் கேள்வி ஆடம்பரம் அல்ல. ஒன்று விறாந்தையில், மற்றது அடுப்படியில் என்றிருந்தால் வயதானவருக்கு நடை மிச்சம். பதில் சொல்லும் கருவி, வண்ணத் திரை போன்றவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். எழுத்துப் பெரிதாக, விசை பெரிதாக, மணி உரத்ததாக இருந்தால் போதும்.

பெட்டியைத் திறந்த முதல் நாள்

யாரும் பொறுப்பதில்லை. திறந்தவுடன் பேச வேண்டும். பொறுங்கள்.

கைக்கருவியின் முதுகு மூடியைத் திறந்து, பற்றரியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை இழுத்தெடுங்கள். கூட்டல் கழித்தல் குறி பார்த்துப் போடுங்கள். இவை ஒவ்வொன்றும் 1.2 வோல்ற் உள்ள, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏறும் பற்றரிகள். டோர்ச்சுக்குப் போடும் சாதாரண 1.5 வோல்ற் பற்றரி அதே அளவில் இருப்பதால் அதைப் போட்டுவிடுகிறார்கள். தொட்டிலில் வைத்ததும் அதற்குள்ளும் சார்ஜ் பாயும். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சூடேறி ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

பிறகு தாய்ப்பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துக் கைக்கருவியை அதன் தொட்டிலில் வைத்து, கையேடு சொல்லும் நேரத்துக்கு விட்டுவிடுங்கள். சில வகைக்கு 7 மணி நேரம், சிலவற்றுக்கு 16 மணி நேரம். இரவு வைத்தால் விடிய எடுக்கலாம். அன்றிரவு மின்சாரம் போனால், போன நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் தொலைபேசி வயரைச் சொருகுங்கள். செப்புக் கம்பியிலேயே இணையமும் வருகிறதென்றால், சுவருக்கும் தாய்ப்பெட்டிக்கும் நடுவில் வடிகட்டி எனப்படும் சிறு பெட்டி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பேச்சுக்குப் பின்னால் வண்டு இரைவது போல ஒரு சத்தம் வரும், இணையமும் அறுந்து அறுந்து வரும். பழைய தொலைபேசியில் அந்த வடிகட்டி ஏற்கெனவே இருந்தால் அதையே எடுத்து இதற்குப் போடலாம்.

பச்சை விசையை அழுத்திக் காதில் வையுங்கள். "ம்ம்ம்" என்ற டோன் கேட்டால் இணைப்பு சரி. முதலில் யாருடைய கைத்தொலைபேசிக்காவது ஓர் அழைப்பு எடுங்கள், பிறகு அங்கிருந்து வீட்டுக்கு எடுக்கச் சொல்லுங்கள். போவதும் வருவதும் வெவ்வேறு சோதனை.

தாய்ப்பெட்டி எங்கே இருக்க வேண்டும்

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பிழை விடுகிறார்கள். சொக்கெற் எங்கே இருக்கிறதோ அங்கேயே பெட்டியையும் வைத்துவிடுகிறார்கள். சொக்கெற்றை நிறுவன ஆட்கள் தங்களுக்கு வசதியான மூலையில் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள்; அது கிணற்றுப் பக்கம் பார்த்து அல்ல.

வெளியில் தடை இல்லாத இடத்தில் 300 மீற்றர், வீட்டுக்குள் 50 மீற்றர் என்று பெட்டியின் மேல் போட்டிருக்கும். நம் கணக்கு வேறு. ஒரு ஏக்கர் வளவு சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 64 மீற்றர் வரும். வீடு நடுவில் என்றால் எந்த மூலைக்கும் 45 மீற்றர். ஆகவே ஒரு ஏக்கர் முழுவதும் எட்டுவது நடக்கக்கூடிய காரியம்தான், இடையில் உலோகம் நிற்காவிட்டால்.

நம் வீடுகளில் உலோகம் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பின்பக்கத்து இறக்கம் தகரம். அடுப்படிச் சுவர் சில வீடுகளில் இன்னும் தகரம். இரும்பு அலுமாரி. நெல்லு வைக்கும் இரும்புப் பீப்பா. வானொலி அலை செங்கல்லையும் சீமெந்துக் கல்லையும் தேய்ந்து தேய்ந்தாவது கடந்துவிடும். தகரத்தைக் கடக்காது, அடித்துத் திரும்பிவிடும். எனவே தாய்ப்பெட்டியை யன்னலோரமாக, தகரமில்லாத பக்கம் பார்த்து, ஆள் நெஞ்சளவு உயரத்தில் ஒரு தட்டில் வையுங்கள். வெயில் நேரே விழக்கூடாது. தொலைக்காட்சி, ரவுட்டர் ஆகியவற்றிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளியிருக்கட்டும். சொக்கெற் தூரத்தில் இருந்தால் பெட்டியை அங்கே இழுக்காதீர்கள். தொலைபேசி வயரை நீளமாக வாங்குங்கள். பத்து மீற்றர் வயருக்குச் செலவாகும் காசு ஒரு பெரிய காசல்ல.

வைத்த பிறகு நடை சோதனை. இரண்டு கைக்கருவி இருந்தால் ஒன்றை வீட்டில் பிள்ளையிடம் கொடுங்கள். கைக்கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு, கட்டணமும் இல்லை. பிள்ளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருக்க, நீங்கள் மற்றதைக் காதில் வைத்துக் கிணற்றடி, மாட்டுக்கொட்டில், படலை, கோழிக்கூடு என்று நடவுங்கள். எண் எங்கே உடைகிறதோ அங்கே ஒரு தடியை நட்டுவையுங்கள். பிறகு தாய்ப்பெட்டியை ஓரடி நகர்த்தி மறுபடி நடவுங்கள். எங்கள் வீட்டில் பெட்டியை அலுமாரிப் பக்கத்திலிருந்து தென்பக்க யன்னலுக்கு மாற்றியதும் தடி கிணற்றடியிலிருந்து முருங்கை மரத்துக்குப் போய்விட்டது. கருவியை மாற்றவில்லை, இடத்தை மட்டும்தான்.

இலக்கங்களும் விரைவு விசையும்

மெனுவில் தமிழ் இருப்பதில்லை. பெயரை ஆங்கில எழுத்தில்தான் பதிய வேண்டும். அதை வாசிக்காதவருக்கு அந்தப் பெயர்ப் பட்டியலால் பயனில்லை. அதனால் நான் பெயர்களில் நேரம் செலவிடுவதில்லை. விரைவு விசைகளில் செலவிடுகிறேன். 2ஐ அழுத்திப் பிடித்தால் அக்கா, 3ஐ அழுத்திப் பிடித்தால் தம்பி, 4 பக்கத்து வீட்டு மாமி. ஒரு மட்டையில் பெரிதாக எழுதித் தாய்ப்பெட்டிக்கு மேல் ஒட்டிவிடுங்கள். எழுத்தே வேண்டாம் என்றால் படம் ஒட்டுங்கள். அம்மாவின் மட்டையில் 2க்குப் பக்கத்தில் அக்காவின் கலியாணப் படம் இருக்கிறது.

இலக்கத்தைப் பதியும்போது முழுதாகப் பதியுங்கள். உள்ளூர் நிலையான இணைப்பு என்றால் பகுதிக் குறியோடு 10 இலக்கம்: கிளிநொச்சிக்கு 021, வவுனியாவுக்கு 024, மன்னாருக்கு 023. வெளிநாடு என்றால் 00 போட்டு நாட்டுக் குறி: கனடா 1, லண்டன் 44, பிரான்ஸ் 33, சுவிஸ் 41, ஜெர்மனி 49, நோர்வே 47. கைத்தொலைபேசியில் போடும் கூட்டல் குறி எல்லாக் கோட்லெஸ்ஸிலும் கிடையாது, 00 தான். அங்கிருந்து எடுப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்: 94க்குப் பிறகு நம் முதல் பூச்சியத்தை விட்டுவிட வேண்டும். 0094 021 என்று அடித்துவிட்டு "உங்கள் போன் வேலை செய்யவில்லை" என்று கோபிப்பவர்கள் உண்டு.

வெளிநாட்டு அழைப்புகள் நம் பக்கத்திலிருந்து போவது செலவு. பேரப்பிள்ளைகள் விசையை நோண்டுகிற வீடென்றால் வெளிச்செல்லும் வெளிநாட்டு அழைப்பைத் தடுக்கும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். வருவது தடைப்படாது. விரைவு விசைக்கு உள்ளூர் உறவை வைத்து, அக்காவுக்குக் கைத்தொலைபேசியில் ஒரு மிஸ்ட் கோல் போடச் சொல்லலாம்.

ஒரு விசையை 1990க்கு ஒதுக்குங்கள். அது சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணம் கிடையாது. பொலிஸ் 119. மட்டையில் இரண்டும் இருக்கட்டும். வீட்டுக்கு வரும் வழியைச் சொல்ல வேண்டிய சந்தி, கோயில், பாடசாலை ஆகியவற்றையும் கீழே எழுதுங்கள். பதற்றத்தில் சொந்த வீதியின் பெயரே மறந்துவிடும்.

அழைப்பவரின் இலக்கம் திரையில் வரவில்லை என்றால் கருவியைத் திட்டாதீர்கள். அந்தச் சேவையை நிறுவனம் திறந்துவிட்டதா என்று கேளுங்கள். சிறிலங்கா ரெலிகொம் இணைப்பென்றால் 1212.

மின்சாரம் போனால்

கைக்கருவியில் பற்றரி நிறைய இருந்தாலும் தாய்ப்பெட்டிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் தொலைபேசி செத்தது. இதைப் புரியவைக்கத்தான் நான் அதிகம் பாடுபடுகிறேன். "முழுச் சார்ஜ் காட்டுகிறதே" என்பார்கள். காட்டும். பேசுவதற்குத் தாய் இல்லை.

2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நடந்தபோது ஊரில் கோட்லெஸ் வைத்திருந்த வீடுகள் எல்லாம் ஊமையாகின. பழைய வயர்த் தொலைபேசி வைத்திருந்தவர்கள் பேசினார்கள். செப்புக் கம்பியில் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே ஏறக்குறைய 48 வோல்ற் வருகிறது; சாதாரண வயர்த் தொலைபேசிக்கு அது போதும், வீட்டு மின்சாரம் வேண்டாம். ஆகவே செப்புக் கம்பி வீடென்றால் பழையதை எறியாதீர்கள். இரட்டைச் சொக்கெற் ஒன்றைப் போட்டு ஒரு பக்கம் கோட்லெஸ், மறுபக்கம் பழையது. இருட்டில் தடவி எடுக்க அது அங்கேயே இருக்கட்டும்.

ஃபைபர் அல்லது 4ஜி என்றால் இந்தக் கதை இல்லை. அந்தப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும், தாய்ப்பெட்டிக்கும் வேண்டும். மின்சாரம் போனாலும் பற்றரியில் ஓடவைக்கும், ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யூபிஎஸ் வாங்கலாம்; ஆனால் ரவுட்டர்கள் பல 12 வோல்ற், தாய்ப்பெட்டிகள் பல 6 வோல்ற்றைச் சுற்றி. ஒரே துளையில் இரண்டையும் பிரித்துச் சொருகினால் ஒன்று எரியும். அடாப்டர்களின் முதுகை வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் துளையுள்ள யூபிஎஸ்ஸாகப் பாருங்கள். கைக்கருவியைத் தொட்டிலில் வைத்தால் அதன் பற்றரியிலேயே தாய்ப்பெட்டி கொஞ்ச நேரம் இயங்கும் கருவிகளும் உண்டு. மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

இடி

எங்கள் முதல் கோட்லெஸ் பதினொரு மாதம் இருந்தது. ஓர் ஐப்பசிப் பின்னேரம், முறிகண்டிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அம்மா கவனமானவர், எழுந்து போய் மின்சாரப் பிளக்கைக் கழற்றினார். தொலைபேசி வயரைக் கழற்றவில்லை. அது சும்மா பேச்சு வரும் வயர்தானே? வயல்வெளி நடுவே தூண் தூணாக ஒரு கிலோமீற்றருக்கு மேல் வரும் கம்பி அது. மின்னல் நேரே அதில் விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே போதும். "டப்" என்று ஒரு சத்தம். தாய்ப்பெட்டியின் அடியில் கையளவு கரி. அம்மா ஆறடி தள்ளிக் கட்டிலில் இருந்தார்.

ஆகவே இரண்டு வயரும். மின்சாரமும், தொலைபேசியும். பழைய வயர்த் தொலைபேசி இருந்தால் அதையும் சேர்த்து மூன்று. ஃபைபரில் வெளிச்சம்தான் ஓடுகிறது, மின்சாரம் ஓடாது. அதனால் அந்தப் பக்க ஆபத்துக் குறைவு. மின்சாரப் பக்கம் அப்படியே இருக்கிறது, அதைக் கழற்றுங்கள்.

எப்போது கழற்றுவது என்பது அதைவிட முக்கியம். மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் ஏறக்குறைய 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்பே கழற்றியிருக்க வேண்டும். தலைக்கு மேல் வந்த பிறகு வயரில் கை வைக்க வேண்டாம். கருவி போனால் போகட்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி சொருகுவது. பங்குனி, சித்திரையில் பின்னேர இடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் மழையோடு வரும் இடிக்கும் எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: வானம் கறுத்தால் மாட்டை அவிழ்க்கும்போதே வயரையும் கழற்றுவது. வெளியூர் போகும் நாளில் கழற்றிவிட்டே போவது.

இடி நேரத்தில் வயர்த் தொலைபேசியைக் காதில் வைப்பது உயிருக்கே ஆபத்து. கைக்கருவிக்கு வயர் இல்லை என்பதால் அதைப் பிடித்திருப்பவருக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் தாய்ப்பெட்டிக்கு உண்டு. ஆகவே இடி நேரத்து அவசரத்துக்குக் கைத்தொலைபேசிதான். மாரி காலத்தில் அதைச் சார்ஜில் வைத்திருக்க அம்மாவுக்குத் தினமும் நினைவூட்டுகிறோம்.

இடிதாங்கும் பிளக் கட்டைகள் விற்கிறார்கள். வீட்டின் எர்த் கம்பி நன்றாக இறங்கியிருந்தால்தான் அவை உதவும். கோடையில் மண் காய்ந்து கிடக்கும் பல வளவுகளில் எர்த் பிடிப்பதில்லை. இருக்கட்டும், ஆனால் அதை நம்பி வயரைக் கழற்றாமல் விடாதீர்கள்.

மக்கர் செய்தால்

டோன் இல்லையா? பழைய வயர்த் தொலைபேசியைச் சுவரில் நேரே சொருகிப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் குற்றம் இணைப்பில், நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அதில் டோன் இருந்தால் குற்றம் உங்கள் கருவியில் அல்லது அதன் வயரில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கருவியைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போய் பஸ் காசை வீணாக்கியவர்கள் பலர். மழைக்குப் பிறகு கரகரப்பு என்றால் பெரும்பாலும் வெளியில் வயர் பொருத்திய இடத்தில் ஈரம். குரங்கும் அணிலும் வயரைக் கடிப்பதுண்டு. தூணிலிருந்து கூரைவரை ஒருமுறை கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். சொக்கெற் மூடிக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தால் தூரிகையால் தட்டிவிடுங்கள், மருந்து அடிக்காதீர்கள்.

பேசும்போது இடைக்கிடை "பீப்" என்றால் பற்றரி இறங்குகிறது, அல்லது எல்லை தாண்டிவிட்டீர்கள். ஒரு முழு இரவு தொட்டிலில் இருந்தும் பத்து நிமிடத்தில் இறங்கினால் பற்றரிக்கு வயதாகிவிட்டது. உள்ளே இருக்கும் பற்றரிகள் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். புதியதைப் போட்ட திகதியை மூடியின் உட்பக்கம் பேனாவால் எழுதுங்கள். தொட்டிலின் உலோக முனைகளில் செம்மண் தூசு படியும். அதனாலும் சார்ஜ் ஏறாது. உலர்ந்த துணியால் துடைத்தால் சரி.

கைக்கருவி தாயை மறந்து "தேடுகிறேன்" என்று நின்றுவிடுவதுண்டு, குறிப்பாக நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு. முதலில் தாய்ப்பெட்டியின் மின்சாரத்தைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டுச் சொருகுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மறுபடி அறிமுகம் செய்ய வேண்டும்: தாய்ப்பெட்டியில் உள்ள ஒற்றை விசையை ஐந்து விநாடி அளவில் அழுத்திப் பிடித்து, கைக்கருவி மெனுவில் பதிவு செய்வதைத் தெரிவு செய்து, இரகசிய இலக்கம் கேட்டால் 0000 கொடுங்கள். பல கருவிகளில் அதுதான். புதிதாக வாங்கும் இரண்டாவது கைக்கருவியைச் சேர்ப்பதும் இதே முறை. அதே ஒற்றை விசையை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் கைக்கருவி கத்தும். வைக்கோல் போருக்குள் விழுந்த கைக்கருவியை அப்படித்தான் ஒருநாள் கண்டுபிடித்தோம்.

தண்ணீரில் விழுந்தால் உடனே மூடியைத் திறந்து பற்றரியைக் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஈரத்தோடு மின்சாரம் ஓடினால்தான் உள்ளே கருகும். துணியால் துடைத்து, வெயிலில் வைக்காமல், காற்றோட்டமான நிழலில் மூன்று நாள் திறந்தபடி விடுங்கள். அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் நெளியும். கழுவிய இடியப்பத் தட்டுக் காய்வதற்கு வைக்கும் இடம் சரியான இடம். அம்மாவின் கைக்கருவி வாளிக்குள் விழுந்தபோது அங்கேதான் காய்ந்தது. நான்காம் நாள் பற்றரியைப் போட்டு அக்காவை எடுக்கச் சொன்னேன். மணி அடித்தது. அம்மா கிணற்றடியில் நின்றபடியே எடுத்தார்.